நாற்பத்தோராவது மொச்சை

அத்தியாயம் 6

ஃபிரிட்ஜைத் திறந்ததும்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அதுவரை அந்தக் கேஸை நான் ஒரு கேஸாகவே மதிக்கவில்லை. கரசு என்ற கசாக் கிராமத்தில் மொச்சை போட்டுக் குறி சொல்லும் ஷாரிபா என்கிற பெண்மணி முந்தாநாள் காலையிலிருந்து வீட்டில் இல்லை. துர்கிஸ்தான் தர்காவுக்குப் போயிருக்கிறார் என்று மைத்துனர் சொல்கிறார். உள்ளூர் போலீஸ்காரரும் அதையே சொல்லிவிட்டார். மகள் குன்சுலு மட்டும் நம்பாமல், தராஸ் நகரத்தில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் எங்கள் ரௌஷான் அக்காவுக்கு போன் போட்டுவிட்டாள். தர்காவுக்குப் போன அம்மாவைத் துப்பறிய ஆள் வைப்பவள் நாட்டிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே அவருடைய உதவியாளனான நான் வண்டி ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அக்கா வாயைத் திறக்கவில்லை. காலேஜில் நிகழ்தகவு பாடம் நடத்தியவர். தெரியாத விஷயத்துக்குச் சிரிக்க மாட்டார்.

ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில், இன்சுலின் ஊசிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"பக்கத்து ஊர் கல்யாணத்துக்குப் போனாக்கூட அம்மா ரெண்டு ஊசி எடுத்துக்குவாங்க," என்றாள் குன்சுலு. அழுது அழுது அவளுக்குக் குரலே தேய்ந்துபோயிருந்தது. "இப்ப ஒண்ணுகூட எடுக்கல."

"போடாம எவ்வளவு நாள் தாங்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதிகம் தாங்காது அண்ணே."

என் வாய்க்கு அன்றைக்கு விழுந்த முதல் பூட்டு அது.

முன்னறைக்குப் போனோம். கம்பளத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தபடியே கிடந்தது. அதில் பழுப்புப் புள்ளி போட்ட வெள்ளை மொச்சைகள் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று கட்டமாக வைக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் மிச்ச மொச்சைகள் ஒரு குவியலாக இருந்தன. அதற்கும் பக்கத்தில் காலியான வெல்வெட் சுருக்குப்பை.

"யாரும் தொட்டீங்களா?" அக்கா கேட்டார்.

"அம்மா போட்ட மொச்சையை வேற கை தொடக்கூடாது அக்கா. ஜுமகாலி சித்தப்பாகூட வாசல்லயே நின்னுட்டார்."

"அவர் யாரு?"

"செத்துப்போன எங்க அப்பாவோட தம்பி. மாட்டு டாக்டர். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதான் அவர் வீடு. அம்மா மினி பஸ்ல ஏறினதை அவர்தான் பார்த்தார்."

"வேற யாரும் பார்க்கலையா?"

"இல்ல."

"சரி, இந்தக் குறி என்ன சொல்லுது? உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். மேல் வரிசை தலை. நடு வரிசை மனசு. கீழ் வரிசை கால். கீழ் வரிசையில நடுக்கட்டம்தான் வழி. அம்மா வழக்கப்படி வழியில ரெண்டு நின்னா கிளம்பு. மூணு நின்னா வீட்டை விட்டு நகராதே. இதுல ரெண்டு நிக்குது பாருங்க. போலீஸ்காரர் இதைப் பார்த்துட்டுத்தான், உங்கம்மாவே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்களேன்னு சிரிச்சார்."

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்தார். விரலைக் காற்றில் ஆட்டி ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். பிறகு ஓரத்துக் குவியலை எண்ணினார். எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மெய்ராம், இந்த அறையில தரையெல்லாம் தேடு. ஒரு மொச்சை கிடக்குதான்னு பாரு."

"இருக்கிறது போதாதா அக்கா? கூட்டு வைக்கவா போறோம்?"

"தேடுடா."

தவழ்ந்தேன். கம்பளத்தைப் புரட்டினேன். ஒரு ஹேர்பின் கிடைத்தது, நிறையத் தூசி கிடைத்தது. மொச்சை கிடைக்கவில்லை.

"இங்க நாற்பதுதான் இருக்கு," என்றார் அக்கா. "நாற்பத்தொண்ணு இருக்கணும்."

"ஒண்ணுதானே? எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எப்ப தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லட்டுமா?"

எலியின் நேரத்தைச் சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"மொச்சை எப்படிப் போடுவாங்கன்னு சொல்லு," என்றார்.

"நாற்பத்தொண்ணையும் மூணு குவியலாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு குவியல்லயும் நாலு நாலா எடுத்துத் தள்ளுவாங்க. கடைசியா மிஞ்சுறது முதல் வரிசை. தள்ளினதையெல்லாம் கூட்டி மறுபடி மூணு குவியல், அது ரெண்டாவது வரிசை. அப்புறம் மூணாவது. என் கல்யாணத்துக்காக எங்கம்மா எத்தனை தடவை போட்டிருக்காங்க தெரியுமா? மொச்சைக்கே சலிச்சுப் போச்சு."

"ஒரு குவியல்ல என்ன மிஞ்சும்?"

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் எது வேணாலும்."

"அப்ப முதல் குவியல்ல ரெண்டு மிஞ்ச என்ன வாய்ப்பு?"

"நாலுல ஒண்ணு."

"அடுத்ததுல ஒண்ணு மிஞ்ச?"

"அதுவும் நாலுல ஒண்ணு."

"மூணாவதுல ரெண்டு மிஞ்ச?"

"அதுவும் நாலுல..."

"அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. முதல் ரெண்டும் விழுந்தப்புறம் மூணாவதுக்குச் சுதந்திரமே கிடையாது. மொத்தம் நாற்பத்தொண்ணுங்கறதால, மிஞ்சின மூணையும் கூட்டினா அஞ்சு வரும், இல்லேன்னா ஒன்பது வரும். வேற எதுவும் வராது. ரெண்டும் ஒண்ணும் விழுந்துட்டா மூணாவது ரெண்டுதான். அது வாய்ப்பு இல்ல, நிச்சயம்."

"புரியுது அக்கா. எங்க வீட்டுல நான் மூணாவது பையன். அண்ணனுங்க ரெண்டு பேரும் அல்மாட்டிக்கு ஓடினப்புறம் அம்மாவும் ஆடும் யார் தலையிலன்னு யாரும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கல."

குன்சுலு சிரிக்கவில்லை. அவள் கண் துணியை விட்டு நகரவில்லை.

"முதல் வரிசை ரெண்டு, ஒண்ணு, ரெண்டு," என்றார் அக்கா. "கூட்டினா அஞ்சு. சரி. அஞ்சு போனா கையில முப்பத்தாறு. அதனால அடுத்த வரிசைக்கு விதி மாறுது. நாலு, எட்டு, பன்னிரண்டு, இதுல ஒண்ணுதான் வரலாம். மூணு, நாலு, ஒண்ணு. எட்டு. அதுவும் சரி. கடைசி வரிசைக்கும் அதே விதிதான். ஒண்ணு, ரெண்டு, நாலு. கூட்டு."

"ஏழு."

"ஏழு வரவே வராது."

எனக்குப் பொறி தட்டியது. "அப்ப இது டூப்பு! மொச்சை போடத் தெரியாத எவனோ வாய்க்கு வந்தபடி... சாரி, கைக்கு வந்தபடி வெச்சுட்டுப் போயிருக்கான்!"

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா யோசி. தெரியாதவன் கண்டபடி வெச்சா, முதல் வரிசை தானா சரியா அமைய நாலுல ஒரு வாய்ப்பு. அது அமைஞ்சப்புறம் ரெண்டாவதும் அமையறதுக்கு அந்த நாலுல ஒண்ணுல மறுபடி நாலுல ஒண்ணு. ஆக பதினாறுல ஒண்ணு. அதுக்கப்புறம் மூணாவது மட்டும் கெடணும். எல்லாம் சேர்த்தா இருபதுல ஒண்ணுகூடத் தேறாது. அவ்வளவு அதிர்ஷ்டக்காரன் ஆளைக் கடத்த வேண்டாம், லாட்டரி வாங்கலாம்."

அக்கா ஜோக் அடித்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"இதைப் போட்டது ஷாரிபாதான்," என்றார். "மொச்சை ஆரம்பத்துலயே குறைஞ்சிருந்தா முதல் வரிசை அஞ்சு ஆகியிருக்காது. முதல் வரிசைக்கு அப்புறம் குறைஞ்சிருந்தா ரெண்டாவது எட்டு ஆகியிருக்காது. கடைசி வரிசையிலதான் அது போயிருக்கு. குன்சுலு, உங்கம்மா ஒரு கட்டத்துல மூணு வைக்கணும்னா எப்படி வைப்பாங்க?"

"அடுப்புக் கல்லு மாதிரி அக்கா. முக்கோணமா. ரெண்டுன்னா ஒட்டி ஒட்டி வைப்பாங்க."

"வழியைப் பாரு."

பார்த்தோம். கீழ் வரிசை நடுக்கட்டத்தில் இரண்டு மொச்சைகள் விலகி விலகி நின்றன. மூன்றாவது அடுப்புக் கல்லை யாரோ உருவிவிட்ட மாதிரி, அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

குன்சுலு வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணு விழுந்திருக்கு. போகாதேன்னுதான் விழுந்திருக்கு."

"ஆமா. ஒண்ணை மறைச்சு அதை ரெண்டாக்கியிருக்காங்க. ஏன்? கிளம்புன்னு ஒரு குறி இருந்தாத்தான் ஊர் நம்பும்னு ஒருத்தன் தலைமாட்டுல நின்னு போட வெச்சிருக்கான். அவனுக்குக் கட்டத்தைப் பார்க்கத் தெரியும், கூட்டிப் பார்க்கத் தெரியாது. குறி கேக்க வர்றவங்க அர்த்தத்தைத்தானே கேப்பாங்க, கணக்கையா கேப்பாங்க? அவன் கண்ணு முன்னாலயே உங்கம்மா சொல்லிட்டாங்க. வழிதான் பொய்."

ஷாரிபா பஸ் ஏறிப் போனதைப் பார்த்ததாக ஊரில் சொன்னது ஒரே ஒருவர். அந்தப் பெயரை நாங்கள் மூன்று பேருமே சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். நான் துள்ளிவிட்டேன். முற்றத்துச் சேற்றுப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பதுபோல் சைகை செய்தார். டீக்குக் கூப்பிடுகிறாராம்.

"சித்தப்பா," என்றாள் குன்சுலு.

அக்கா ஜன்னல் வழியே சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சிரிப்பு மாறாமல், உதடு அசையாமல், "பின்பக்கமாப் போ," என்று குன்சுலுவிடம் சொன்னார். "நர்ஸைக் கூட்டிட்டு இவர் வீட்டுக்கு வா. ஊசியை எடுத்துக்கோ. வர்ற வழியில நாலு ஆம்பளைங்களையும் இழுத்துட்டு வா. அழாதே, ஓடு."

பிறகு துணியிலிருந்த மொச்சைகளைப் பைக்குள் வாரினார். வேற்றுக் கை. குன்சுலு ஒரு கணம் திகைத்தாள். "எடுத்துக்கங்க அக்கா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"நாம எங்க போறோம்?" என்றேன், பதில் தெரிந்துகொண்டே.

"டீக்கு."

ஜுமகாலியின் சமையலறை சுத்தமாக இருந்தது. தாழ்வான வட்ட மேஜை, கீழே சிவப்புக் கம்பளம், சுவரோரம் மரப்பெட்டி மேல் அடுக்கிய மெத்தைகள். அவரும் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மென்மையான குரல். கன்றுக்குட்டிகளை வெளியே இழுத்துப் போட்டுப் பழகிய பெரிய கைகள். கோட்டு மேல்பையில் ஒரு ஊசி. நம் வீட்டு ஊசி இல்லை, குதிரைக்குப் போடுகிற ஊசி, கட்டைவிரல் தடிமன்.

"ஒரு குதிரைக்குப் போடக் கிளம்பிட்டே இருந்தேன்," என்றார் என் பார்வையைப் பார்த்து. "உக்காருங்க தம்பி. உக்காரும்மா."

பால் டீயைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டினார். எங்கள் பக்கம் மரியாதைக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், விருந்தாளி மறுபடி மறுபடி கேட்கட்டும் என்று. முழுக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். என் வாழ்க்கையில் ஒரு அவமரியாதைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"அண்ணே, ஷாரிபா அக்கா இங்க வந்து போறது உண்டா?" அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"குளிர்காலம் தொடங்கினதுல இருந்து அண்ணி இந்தப் படி ஏறலம்மா. என் பொண்டாட்டி மகன் வீட்டுக்குப் போயிட்டா. ஒத்தை ஆம்பளை இருக்கிற வீடு. ஊர் வாயைப் பத்தித் தெரியுமே."

அப்போதுதான் என் கால் விரலில் ஏதோ குத்தியது.

கம்பளத்தின் ஓர மடிப்பில், சின்னதாக, வழவழப்பாக இருந்தது. கையை மெல்ல கீழே விட்டேன். விரலிடுக்கில் எடுத்தேன். பார்க்காமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பார்த்தேன். வெள்ளை, பழுப்புப் புள்ளி.

"என்ன தம்பி? முள்ளா?"

"கால் மரத்துப்போச்சு அண்ணே. மூளை முன்னாடியே மரத்துப்போச்சு."

குரல் கீச்சென்று வந்தது. அவர் சிரித்தார். நான் தட்டிலிருந்து ஒரு பவுர்சாக்கை எடுத்தேன். எண்ணெயில் பொரித்த அந்த மாவுருண்டைக்குள் மொச்சையை அழுத்தி அக்காவிடம் நீட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தால் எனக்கு வாய் நிற்காது.

"இதைச் சாப்பிட்டுப் பாருங்க அக்கா. உள்ள பருப்பெல்லாம் வெச்சிருக்காங்க."

ஜுமகாலியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பவுர்சாக்ல ஏது தம்பி பருப்பு?"

கசாக் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், பவுர்சாக்குக்குள் ஒன்றும் இருக்காது, காற்றுதான் இருக்கும். அவர் எழுந்தார். கதவுக்குப் போனார். தாழ்ப்பாளைப் போட்டார்.

"காத்து அடிக்குது," என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். என் கிண்ணத்தை வாங்கி, பழைய டீயைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றினார். அடியில் ஒரே ஒரு வாய் அளவு. இன்னும் நிறைய நேரம் இருக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

அக்கா பவுர்சாக்கைப் பிய்த்து மெதுவாக மென்றார். பிறகு மடியிலிருந்து வெல்வெட் பையை எடுத்து மேஜையில் வைத்து, சுருக்கைத் தளர்த்தினார். மொச்சை எப்போது பைக்குள் போனதென்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

"மனசு கேக்கல அண்ணே," என்றார். "அக்கா எங்க இருக்காங்கன்னு ஒரு தடவை போட்டுப் பார்ப்போமா?"

அந்தப் பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதம் இருக்கிறதே, ஊசியைப் பையில் வைத்திருப்பவர் அவர், ஆனால் பயந்தவரும் அவர்தான்.

"அதை நீ தொடக்கூடாது."

"நான் தொடல. நீங்க போடுங்க. சொந்தக்காரர் தொட்டா தப்பில்ல."

மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் கை தானாக நீண்டது. மொச்சைகளைக் கொட்டினார். மூன்று குவியலாகப் பிரித்தார். முதல் குவியலில் நாலு நாலாகத் தள்ளினார்.

"ரெண்டு," என்றார்.

அடுத்த குவியல். தள்ளித் தள்ளிக் கடைசியில் நாலு நின்றது.

"நாலு."

மூன்றாவது குவியலுக்குக் கை போனது. அதன் மேல் அக்கா தன் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"இருங்க. எண்ணுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அக்கா போகும்போது இதுல இருந்து ஒரு மொச்சையை எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் பார்த்தப்ப இதுல நாற்பதுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டும் நாலும் விழுந்துருச்சு. இதுக்கப்புறம் ஒண்ணு மிஞ்சாது, நாலும் மிஞ்சாது. அந்த மொச்சை அவங்களோட தூர வழியில போயிருந்தா ரெண்டு மிஞ்சும். வீட்டை விட்டே போகலேன்னா மூணு மிஞ்சும். இப்ப எண்ணுங்க."

கையை எடுத்தார்.

ஜுமகாலி எண்ணினார். நாலைத் தள்ளினார். இன்னொரு நாலைத் தள்ளினார். மிஞ்சியதை அவர் விரல் பழக்கத்தில் ஒதுக்கி வைத்தது, அடுப்புக் கல் மாதிரி.

மூன்று.

"வீட்டை விட்டே போகல அண்ணே," என்றார் அக்கா. "இந்தக் கம்பளத்துலதான் கிடந்துச்சு."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். என் தொடைக்குக் கீழே இருந்த சிவப்புக் கம்பளத்தைப் பார்த்தார்.

இவ்வளவு நேரமும் ஷாரிபாவுக்கு மேலே உட்கார்ந்துதான் டீ குடித்திருக்கிறோம்!

எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை. பொய்யாகச் சொன்ன மரத்துப்போன கால் இப்போது நிஜமாகவே மரத்துப்போயிருந்தது. ஜுமகாலி மேல்பையிலிருந்து ஊசியை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அந்தச் சின்ன க்ளிக் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"குதிரைக்கு எவ்வளவுன்னு தெரியும்," என்றார். "மனுஷனுக்கு எவ்வளவுன்னு தெரியாது. அண்ணிக்கும் தெரியாமத்தான் போட்டேன். தூங்கிட்டா. அவ்வளவுதான் செஞ்சேன்."

"எதுக்கு அண்ணே?" அக்காவின் குரல் அதே சாதாரணக் குரலாக இருந்தது. ஆனால் மேஜைக்கு அடியில் அவர் கை என் சட்டையை இறுகப் பிடித்திருந்தது.

"மூடுபனி. மெர்கே ரோட்டுல சைக்கிள்ல ஒரு ஆளு வந்தான். இடிச்சுட்டு நான் வண்டியை நிறுத்தல. அதுல இருந்து தூக்கம் இல்ல. அண்ணிகிட்ட வந்து குறி கேட்டேன். வழி எப்படி இருக்கு, வழி எப்படி இருக்குன்னு கேட்டுட்டே இருந்தேன். கடைசித் தடவை அவ மொச்சையைப் பார்க்கல. என் மூஞ்சியைப் பார்த்தா. போலீஸுக்குப் போன்னு சொன்னா."

"அவங்க உயிரோட இருக்காங்களா?"

அவர் ஊசியை உற்றுப் பார்த்தார். அதன் நுனியில் ஒரு துளி திரண்டு விழுந்தது.

"காலையில குழியைத் திறக்கப் பயந்தேன்," என்றார். "மொச்சையைக் கேளு தங்கச்சி. இருக்காளான்னு கேட்டுச் சொல்லு. நீதான் எண்ணுறதுக்கு முன்னாடியே சொல்றியே. இருக்கான்னு சொல்லு, திறந்துடறேன். இல்லேன்னா..."

அந்த இல்லேன்னாவுக்கு அப்புறம் ஊசி எங்கள் பக்கம் திரும்பியது. இருக்கிறார் என்று ஒரு பொய் சொல்லுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். மூணு, நாலு, எதையாவது சொல்லுங்கள்!

அக்கா மொச்சைகளை ஒரே வீச்சில் வழித்துப் பைக்குள் போட்டார்.

"அதை மொச்சை சொல்லாது," என்றார். "திறந்தாத்தான் தெரியும். உங்களுக்குத் தைரியம் இல்லேன்னா நாங்க திறக்கிறோம்."

கதவு படபடவென்று அதிர்ந்தது. வெளியே பல குரல்கள் கேட்டன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தேய்ந்த குரல் கேட்டது.

"சித்தப்பா! கதவைத் திறங்க சித்தப்பா! சித்தப்பா!"

திருடா என்றோ கொலைகாரா என்றோ கத்தியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, தெரியாது. சித்தப்பா என்ற சொல்லைக் கேட்டதும் ஊசியை மேஜையில் வைத்தார். குழந்தை பொம்மையை வைப்பது மாதிரி, மெதுவாக. பிறகு அடுக்கிய மெத்தைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அக்கா தாழ்ப்பாளுக்கு ஓடினார். நான் ஒற்றைக் காலில் எழுந்து மேஜையைத் தள்ளிக் கம்பளத்தை உருவினேன். தரைப் பலகையில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. உள்ளே வந்த ஆட்கள் அதை இழுத்துத் திறந்தார்கள். உருளைக்கிழங்கு வாடையோடு சில்லென்ற காற்று மேலே வந்தது. கீழே சாக்குகளின் மேல், குதிரைப் போர்வைக்குள், ஒரு உருவம் அசையாமல் கிடந்தது.

நர்ஸும் குன்சுலுவும் இறங்கினார்கள். மேலே நாங்கள் நின்றோம். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அக்கா," என்றேன். "ஊசி இல்லாம இவ்வளவு நேரம், அதுக்கு மேல மயக்க மருந்து, அதுக்கு மேல இந்தக் குளிர். எல்லாத்தையும் சேர்த்தா என்ன வாய்ப்பு?"

"கணக்குப் போடல."

"எதுக்கும் போடுவீங்களே!"

"இதுக்குப் போடல." அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பயமா இருந்துச்சுடா."

பிறகுதான் நர்ஸின் குரல் வந்தது. "மூச்சு இருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, கயிறு கொண்டாங்க, சும்மா நிக்காதீங்க!"

குன்சுலு ஓவென்று அழுத சத்தம் அந்தக் குழியிலிருந்து வீடு முழுக்க எழுந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லாததால் பழி போட இடமில்லை.

ஷாரிபாவை மேலே தூக்கிக் கம்பளத்தில் கிடத்தினார்கள். நர்ஸ் ஏதேதோ செய்தார். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தபோது ஷாரிபாவின் இமை கொஞ்சம் திறந்தது. பெரிய கண்கள். மகளைப் பார்த்தன, நர்ஸைப் பார்த்தன, பிறகு அக்காவின் மடியிலிருந்த வெல்வெட் பையில் நின்றன.

"எத்தனை?" என்றார், காற்று மாதிரி.

"நாற்பத்தொண்ணு," என்றார் அக்கா.

அந்த உலர்ந்த உதட்டில் ஏதோ ஒன்று நெளிந்தது. சிரிப்பாக இருக்கலாம். "கைக்குள்ளயே வெச்சிருந்தேன். இங்க இழுத்துட்டு வந்தப்ப விட்டேன். யாரு பார்த்தது?"

"பார்க்கலீங்க," என்றேன். "என் கால்ல குத்துச்சு."

அவர் விரல்கள் கம்பளத்தில் ஊர்ந்து வந்து என் கணுக்காலைத் தொட்டன. பனிக்கட்டி மாதிரி இருந்தன.

"பயந்தியா தம்பி?"

ஒரு ஜோக்கைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"ரொம்பங்க."

"நானும்தான்," என்று சொல்லிவிட்டு, என் காலை விடாமலே கண்ணை மூடிக்கொண்டார்.